குடல் எண்டோமெட்ரியோசிஸ்: கண்டறிதலின் வரலாறும் வடசென்னையும்

குடல் எண்டோமெட்ரியோசிஸ் என்பது கருப்பையின் உட்சுவரில் இருக்க வேண்டிய அகப்படலத்தை ஒத்த திசு, குடலின் மீதும் குடற்சுவரின் உள்ளும் வளர்வதால் உண்டாகும் நோய். எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களில் ஏறத்தாழ 5 முதல் 12 விழுக்காட்டினருக்குக் குடல் பாதிக்கப்படுகிறது. இது மகளிர் மருத்துவத்துக்கும் குடல் மருத்துவத்துக்கும் இடையில் விழும் நோயாதலால், இதைக் கண்டறியும் முறை உருவாக ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அந்த வரலாற்றின் முக்கியக் கட்டங்களையும், இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகளை உள்ளடக்கிய வடசென்னைத் துறைமுக, தொழிற்பகுதியின் மருத்துவச் சூழலில் அவை பெறும் பொருளையும் இக்கட்டுரை விவரிக்கிறது.

நோயின் இயல்பு

கருப்பையின் அகப்படலம் ஒவ்வொரு மாதமும் தடித்து, மாதவிலக்கின்போது உதிர்ந்து வெளியேறுகிறது. அதே வகைத் திசு கருப்பைக்கு வெளியே இருந்தால் அதுவும் ஈஸ்ட்ரோஜன் இயக்குநீரின் தூண்டலுக்கு உட்படுகிறது. அங்கே கசியும் இரத்தத்துக்கு வெளியேறும் வழி இல்லை. அதனால் அழற்சியும், நாளடைவில் தழும்பும், உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் நிலையும் ஏற்படுகின்றன.

குடலில் இந்நோய் வரும்போது பத்தில் ஒன்பது பங்கு மலக்குடலையும் அதற்கு மேலுள்ள வளைகுடலையும் பாதிக்கிறது. குடல்வால், சிறுகுடலின் கடைப்பகுதி, பெருங்குடலின் தொடக்கப்பகுதி ஆகியவற்றிலும் காணப்படலாம். ஒரே பெண்ணுக்குப் பல இடங்களில் இருப்பதும் உண்டு.

நோய் குடலின் வெளிப்புறத்தில் தொடங்கி உள்நோக்கிப் பரவுகிறது. முதலில் வெளியுறை, பிறகு தசைப்படலம் என்று அது ஊடுருவும். உணவும் மலமும் தொட்டுச் செல்லும் உட்புறச் சளிப்படலத்தை அது எட்டுவது அரிது. இந்த ஒரு உண்மையை நினைவில் வைத்தால், பின்வரும் வரலாற்றில் பல பரிசோதனைகள் ஏன் தோற்றன என்பது விளங்கும்.

மாதவிலக்கு நாட்களில் மலம் கழிக்கும்போது கடும் வலி, அந்நாட்களில் மாறி மாறி வரும் மலச்சிக்கலும் வயிற்றுப்போக்கும், வயிற்று உப்புசம், உடலுறவின்போது ஆழத்தில் வலி, கருத்தரிப்பதில் தடை ஆகியவை முக்கிய அறிகுறிகள். மாதவிலக்கோடு சேர்ந்து மலத்தில் இரத்தம் வருவது சிலருக்கு மட்டுமே நிகழ்கிறது. குடல் குறுகி அடைப்பு ஏற்படுவது அதனினும் அரிது.

பெயர் வருவதற்கு முன்

வியன்னாவைச் சேர்ந்த நோயியல் அறிஞர் கார்ல் ஃபான் ரோக்கிடான்ஸ்கி 1860இல், கருப்பை அகப்படலத்தை ஒத்த சுரப்பித் திசு இடம் மாறி வளர்வதை விவரித்தார். இந்நோயின் வரலாறு பொதுவாக அவரிடமிருந்து தொடங்குவதாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அவர் பார்த்தவற்றில் ஒரு பகுதி, இன்று அடினோமயோசிஸ் எனத் தனியாக வகைப்படுத்தப்படும் கருப்பைத் தசை நோய் என்று பின்வந்தவர்கள் கருதுகின்றனர்.

குடலைப் பொறுத்தவரை முதல் தெளிவான படம் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையிலிருந்து வந்தது. அங்கு பணியாற்றிய தாமஸ் கல்லன், கருப்பைக்கும் மலக்குடலுக்கும் இடைப்பட்ட பகுதியில் கல் போன்று கெட்டியான கட்டிகள் உருவாவதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். 1920இல் அவர் வெளியிட்ட வரைபடம், இத்திசு வயிற்றினுள் எங்கெல்லாம் காணப்படும் என்பதை ஒரே பார்வையில் காட்டியது. மலக்குடலுக்கும் புணர்புழைக்கும் இடைப்பட்ட தடுப்பு, வளைகுடல், சூலகம், கருப்பையைத் தாங்கும் தசைநார்கள், தொப்புள் ஆகியவை அதில் இடம்பெற்றிருந்தன. இன்று ஆழ்ந்த எண்டோமெட்ரியோசிஸ் என அழைக்கப்படுவதன் பரவல் பெரும்பாலும் அந்தப் படத்திலேயே அடங்கிவிட்டது. மலக்குடலோடு ஒட்டிய கட்டியை அறுத்தெடுப்பது, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காகக் கருப்பையை அகற்றுவதைவிடக் கடினமானது என்றும் கல்லன் எழுதினார்.

சாம்ப்சனும் புதிய பெயரும்

நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில் பணியாற்றிய ஜான் சாம்ப்சன் 1921இல், சூலகத்தில் பழைய இரத்தம் தேங்கிச் சாக்லேட் நிறமடைந்த கட்டிகளை விரிவாக விவரித்தார். அடுத்த ஆண்டே, குடலில் காணப்படும் இத்தகைய திசுவைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். 1927இல் வெளிவந்த கட்டுரையில், மாதவிலக்கு இரத்தத்தின் ஒரு பகுதி கருக்குழாய்களின் வழியே பின்னோக்கி வயிற்றுக்குள் சென்று, அதிலுள்ள திசு அங்கே ஒட்டி வளர்கிறது என்ற கோட்பாட்டை முன்வைத்தார். எண்டோமெட்ரியோசிஸ் என்ற பெயரும் அவரால்தான் நிலைபெற்றது.

சாம்ப்சனின் கோட்பாட்டுக்கு வேறொரு விளைவும் இருந்தது. மருத்துவர்களின் கவனம் சூலகக் கட்டிகளின் பக்கமும், வயிற்றறை உறையில் தெரியும் சிறு கரும்புள்ளிகளின் பக்கமும் திரும்பியது. கல்லன் வரைந்து காட்டிய ஆழ்ந்த குடல் நோய் பல பத்தாண்டுகள் பின்னுக்குத் தள்ளப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிலிப் கோனின்க்ஸ் போன்றோர், வயிற்றறை உறையின் கீழ் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் ஊடுருவும் நோயைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டிய பிறகே அது மீண்டும் கவனம் பெற்றது.

'வசதி படைத்தவர்களின் நோய்' என்ற கருத்து

1930களிலும் 1940களிலும் அமெரிக்க மகளிர் மருத்துவர் ஜோ மெய்க்ஸ் ஒரு கருத்தைப் பரப்பினார். திருமணத்தையும் பிள்ளைப்பேற்றையும் தள்ளிப்போடும் வசதியான வெள்ளையினப் பெண்களுக்கே இந்நோய் அதிகம் வருகிறது, இளம் வயதில் மணந்து பல பிள்ளைகள் பெறும் ஏழைப் பெண்களுக்கு வருவதில்லை என்பது அதன் சாரம். தனியார் மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைக்கு வந்தவர்களையும் இலவச மருத்துவமனைகளுக்கு வந்தவர்களையும் ஒப்பிட்டு அவர் இம்முடிவுக்கு வந்தார். வேலைக்குப் போகும் பெண்களின் நோய் என்ற அடைமொழியும் இதற்கு ஒட்டிக்கொண்டது.

இக்கருத்தை உடைத்தவர்களில் சிகாகோவின் டொனால்டு சாட்மன் முக்கியமானவர். கீழ்வயிற்று உறுப்புகளில் கிருமித் தொற்று என்று முத்திரை குத்தப்பட்ட கறுப்பினப் பெண்களை அவர் லேப்ராஸ்கோப்பி மூலம் பரிசோதித்தார். ஐந்தில் ஒருவருக்கு மேல் உண்மையில் எண்டோமெட்ரியோசிஸ் இருந்ததை 1976இல் வெளியிட்டார். நோய் அவர்களுக்கு வராமல் இருந்ததில்லை. மருத்துவர்கள் அவர்களிடம் அதைத் தேடவில்லை என்பதே அந்த ஆய்வு சொன்ன செய்தி.

இந்த வரலாறு வடசென்னை போன்ற உழைக்கும் மக்கள் வாழும் பகுதிக்கு நேரடியாகப் பொருந்துகிறது. காசிமேட்டில் மீன் விற்கும் பெண், பழைய வண்ணாரப்பேட்டைத் துணிக்கடையில் நின்றபடி வேலை செய்யும் பெண், திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியான பெண் ஆகியோர் அடிவயிற்று வலி என்று வந்தால், பாடநூலின் பழைய பார்வை முதலில் கிருமித் தொற்றையே நினைவூட்டும். வெள்ளைப்படுதலுக்கும் தொற்றுக்கும் மாத்திரைகள் தரப்படும். வலி அடுத்த மாதம் திரும்ப வரும்.

வடசென்னையின் மருத்துவமனைகள்

சென்னையின் கருப்பர் நகரமும் அதற்கு வடக்கேயுள்ள இராயபுரமும் துறைமுகத்தை ஒட்டி வளர்ந்தவை. தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி நிலையம் 1856இல் இராயபுரத்தில் திறக்கப்பட்டது. பின்னர் தொழிற்சாலைகள் வடக்கு நோக்கித் திருவொற்றியூர், எண்ணூர் வரை நீண்டன. மோட்டார் வண்டி, மோட்டார் சைக்கிள், டயர், தீப்பெட்டி, உரம், அனல்மின்சாரம் எனப் பல தொழில்கள் ஒரே கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்தன.

இப்பகுதியின் பெரிய மருத்துவமனையான ஸ்டான்லிக்குக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்ற பெயர் மக்களிடையே வழங்கியது. 1782ஆம் ஆண்டுப் பஞ்சக் காலத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றுவதற்காகத் தோன்றிய மணியக்காரர் சத்திரத்தோடு அதன் வேர்கள் இணைந்திருப்பதே காரணம். அதனோடு வளர்ந்த மருத்துவப் பள்ளி 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது.

மகப்பேற்றுக்கு வேறொரு வரலாறு இருந்தது. 1844இல் சென்னையில் தொடங்கப்பட்ட அரசு மகப்பேறு மருத்துவமனை பின்னர் எழும்பூருக்கு இடம் மாறியது. 1885இல் கோஷா முறையில் வாழ்ந்த பெண்களுக்கென ஒரு மருத்துவமனை தொடங்கப்பட்டது. அதன் பின்னணியில், 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த மேரி ஷார்லீப் இருந்தார். வடசென்னையில், வணிகரும் கொடையாளருமான ராஜா சர் சவலை ராமசாமி முதலியாரின் பெயரால் இராயபுரத்தில் மகப்பேறு மருத்துவமனை அமைந்தது. ஆர்.எஸ்.ஆர்.எம். என்று சுருக்கமாக அழைக்கப்படும் அது, ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் மகப்பேறு, மகளிர் மருத்துவப் பிரிவாக இயங்குகிறது.

இந்த அமைப்புக்கு நியாயமான காரணங்கள் இருந்தன. பிள்ளைப்பேற்றின்போது தாய்மார் இறப்பதைத் தடுப்பதே அக்காலத்தின் முதல் தேவை. தொற்று மிகுந்த பொது மருத்துவமனையிலிருந்து மகப்பேற்றைப் பிரித்து வைத்தது பல உயிர்களைக் காத்தது. உலகின் பல நகரங்களிலும் இதே வழிதான் பின்பற்றப்பட்டது. ஆனால் அதன் உடன்விளைவாக, கருப்பையும் சூலகமும் ஒரு கட்டடத்துக்கும், குடல் இன்னொரு கட்டடத்துக்கும் உரியவை என்ற பிரிவினை மருத்துவக் கல்வியிலேயே பதிந்தது. மாதவிலக்கு வலி என்று சொல்பவர் ஒரு வரிசையிலும், மலம் கழிக்கும்போது வலி என்று சொல்பவர் இன்னொரு வரிசையிலும் நிற்க நேர்ந்தது. இரண்டும் ஒரே பெண்ணின் ஒரே வலியாக இருக்கக்கூடும் என்பதைக் கேட்க இரு துறைகளும் ஒன்று சேர வேண்டியிருந்தது.

காசநோயின் நிழல்

மேலைநாட்டுப் பாடநூல்கள் குடல் எண்டோமெட்ரியோசிஸைப் பெருங்குடல் புற்றுநோய், குரோன் நோய், எரிச்சல் குடல் நோய் ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பிரித்தறியச் சொல்கின்றன. இந்தியாவில் அப்பட்டியலின் தலையில் காசநோய் நிற்கிறது.

சென்னை, காசநோய் ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்ற நகரம். 1956இல் இங்கு நிறுவப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நோயாளிகளை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்பதை நிறுவி, சானடோரியச் சிகிச்சைக்கு முடிவு கட்டியது. நெருக்கமான குடியிருப்புகள் நிறைந்த வடசென்னையில் காசநோயை முதலில் நினைப்பது மருத்துவர்களுக்குப் பயிற்சியால் வந்த பழக்கம். அது பெரும்பாலும் சரியான பழக்கமும்கூட.

சிக்கல் என்னவெனில், இரு நோய்களும் பல இடங்களில் ஒன்றுபோல் தோன்றுகின்றன. காசநோய் சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தை விரும்பித் தாக்கும். எண்டோமெட்ரியோசிஸும் அங்கே வரலாம். இரண்டும் குடலைச் சுருக்கி ஒட்டவைக்கும், இரண்டும் கருத்தரிப்பைத் தடுக்கும், இரண்டிலும் வயிற்றில் நீர் கோக்கலாம். 1980களின் தொடக்கத்தில் சூலகப் புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்ட சி.ஏ.-125 என்ற இரத்தப் பரிசோதனையும் இங்கே கைகொடுப்பதில்லை. அது எண்டோமெட்ரியோசிஸிலும் உயரும், வயிற்றுக் காசநோயிலும் உயரும், புற்றுநோயிலும் உயரும்.

இதனால் திசு ஆய்வு இல்லாமல் ஊகத்தின் பேரில் காசநோய் மருந்து தொடங்கும்போது, எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண் பல மாதங்கள் தேவையற்ற மருந்தை உட்கொள்ள நேரலாம். மறுபுறம், எண்டோமெட்ரியோசிஸ் என்று முடிவு செய்து காசநோயைத் தவறவிடுவது அதைவிட ஆபத்தானது. திசுவை நுண்ணோக்கியில் பார்ப்பதும் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனையும் இரண்டையும் பிரிக்க உதவுகின்றன. வலி மாதவிலக்கோடு சேர்ந்து வந்து போகிறதா என்ற கேள்வியும் இங்கே எளிய கருவியாகிறது. மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் காசநோயின் பக்கம் சாய்கின்றன. மாதந்தோறும் அதே நாட்களில் ஏறி இறங்கும் வலி எண்டோமெட்ரியோசிஸின் பக்கம் சாய்கிறது.

குடல் பரிசோதனைகள் ஏன் போதவில்லை

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் குடலை ஆராய இருந்த முக்கிய வழி, பேரியம் கரைசலை ஆசனவாய் வழியே செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படம். வெளியிலிருந்து அழுத்தப்பட்டு அல்லது இழுக்கப்பட்டுக் குடல் வளைந்திருப்பதும், உட்படலம் கெடாமல் இருப்பதும் எண்டோமெட்ரியோசிஸின் குறிப்புகளாகக் கருதப்பட்டன. ஆனால் அவை உறுதியான சான்றுகள் அல்ல. சிறிய கட்டிகள் படத்தில் தெரிவதே இல்லை.

பிறகு குடல்நோக்கி வந்தது. குழாயின் முனையிலுள்ள கண் குடலின் உட்புறத்தைத் தெளிவாகக் காட்டியது. ஆனால் நோய் வெளிச்சுவரில் இருக்கும்போது உட்புறம் பெரும்பாலும் இயல்பாகவே தெரிகிறது. அங்கே கிள்ளியெடுக்கும் திசுத் துணுக்கும் சளிப்படலத்தின் மேற்பகுதி மட்டுமே என்பதால் நோயைக் காட்டுவதில்லை. எனவே குடல்நோக்கியில் ஒன்றுமில்லை என்ற முடிவு, குடல் எண்டோமெட்ரியோசிஸ் இல்லை என்பதற்குச் சான்றாகாது. மலத்தில் இரத்தம் வருவோருக்குப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளவே அப்பரிசோதனை பெரிதும் பயன்படுகிறது.

எரிச்சல் குடல் நோய் என்ற முடிவு இந்த இடைவெளியில்தான் பலருக்கும் வந்து சேர்கிறது. உட்குடல் இயல்பாக இருக்கிறது, வலி இருக்கிறது, ஆகவே எரிச்சல் குடல் என்பது அதன் தருக்கம். இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. மாதவிலக்கின்போது சுரக்கும் புராஸ்டாகிளாண்டின்கள் நோயில்லாத பெண்களுக்கும் குடலை இளக்கிவிடும். ஆகவே அந்நாட்களில் வயிறு போவது மட்டும் நோயின் அடையாளம் அன்று. அன்றாட வேலையை நிறுத்தும் அளவுக்கு வலி வருவதும், மலம் கழிப்பதற்கே அஞ்சுவதும் எச்சரிக்கைக் குறிகள்.

லேப்ராஸ்கோப்பி

வயிற்றில் சிறு துளையிட்டுக் குழாய் செலுத்தி உள்ளே பார்க்கும் முறையை 1910இல் சுவீடனின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஜேக்கோபியஸ் மனிதர்களில் செய்து காட்டினார். 1940களில் பாரிசின் ராவுல் பால்மர் அதை மகளிர் மருத்துவத்துக்கு உரியதாக வளர்த்தெடுத்தார். இங்கிலாந்தின் பாட்ரிக் ஸ்டெப்டோ 1967இல் இதுபற்றி எழுதிய நூல் ஆங்கிலம் பேசும் நாடுகளில் இம்முறையைப் பரப்பியது. அதன் பிறகு, வயிற்றைத் திறக்காமலே எண்டோமெட்ரியோசிஸைக் கண்ணால் கண்டு, திசு எடுத்து உறுதி செய்வது கண்டறிதலின் அளவுகோலாயிற்று.

இந்தியாவில் இக்கருவி வந்த விதம் தனித்தன்மையுடையது. 1972இல் மும்பையில் தெஹம்டன் உத்வாடியா பொது அறுவை மருத்துவத்தில் நோய் கண்டறிய லேப்ராஸ்கோப்பியைப் பயன்படுத்தத் தொடங்கினார். ஆனால் அரசு மருத்துவமனைகளிலும் முகாம்களிலும் இது பரவலாக அறிமுகமானது 1980களில், குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்காக. கருக்குழாயில் வளையம் மாட்டச் சில நிமிடங்கள் போதும். அதே கருவியால் கருப்பையின் பின்புறத்தையும் குடலையும் நிதானமாகப் பார்த்து நோய் தேட, நேரமும் பயிற்சியும் தேவை. பெண்ணின் வயிற்றுக்குள் பார்க்கும் கண் கிடைத்த காலத்தில், அது தேடியது வேறொன்றை.

லேப்ராஸ்கோப்பிக்கும் எல்லைகள் இருந்தன. கருப்பையின் பின்புறம் மலக்குடலோடு முற்றிலும் ஒட்டிப்போயிருந்தால், ஆழத்திலுள்ள நோய் பார்வைக்குத் தெரியாது. 1979இல் அமெரிக்கக் கருவுறுதல் சங்கம் வகுத்து, பின்னர் 1985இலும் 1996இலும் திருத்தப்பட்ட நிலைப் பகுப்பு, சூலகத்துக்கும் வயிற்றறை உறைக்கும் மதிப்பெண் தந்தது. குடலில் எவ்வளவு ஆழம் நோய் சென்றது என்பதை அது போதுமான அளவு பதிவு செய்யவில்லை. அக்குறையை நிரப்ப, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் மொழி பேசும் நாடுகளின் மருத்துவர்கள் என்சியன் என்ற பகுப்பை உருவாக்கினர். மலக்குடலில் உள்ள கட்டியின் அளவை அது தனியாகக் குறிக்கிறது.

ஒலியும் காந்தமும்

1980களில் புணர்புழை வழியாகச் செய்யும் அல்ட்ராசவுண்டு ஸ்கேன் பரவியது. தொடக்கத்தில் அது கருவையும் சூலகக் கட்டிகளையும் பார்க்கவே பயன்பட்டது. 2000களில் பிரேசில், பிரான்சு, இத்தாலி ஆகிய நாடுகளின் மருத்துவர்கள், அதே கருவியைச் சற்றுப் பின்னோக்கித் திருப்பி மலக்குடல் சுவரை ஆராயத் தொடங்கினர். குடற்சுவரின் தசைப்படலம் ஓரிடத்தில் தடித்துக் கருமையாகத் தெரிவதே நோயின் அடையாளம். 2007இல் பிரேசிலின் மவுரிசியோ அப்ராவோ குழு, பயிற்சி பெற்றவர் செய்யும் இந்த ஸ்கேன் மலக்குடல் நோயைக் கண்டறிவதில் எம்.ஆர்.ஐ.க்குச் சற்றும் குறைந்ததில்லை என்பதைக் காட்டியது.

இதைவிட எளிய உத்தியும் உருவானது. ஸ்கேன் கருவியால் மெல்ல அழுத்தும்போது, மலக்குடல் கருப்பைவாயின் பின்புறத்தில் வழுக்கி நகர வேண்டும். நகரவில்லை என்றால் இரண்டும் ஒட்டிக்கொண்டுள்ளன என்று பொருள். இதைப் பார்க்கப் புதிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. சில நொடிகள் நின்று பார்க்கும் பழக்கமே தேவை. 2016இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று ஐடியா என்ற பெயரில், கருப்பையும் சூலகமும், தொட்டால் வலிக்கும் இடங்கள், வழுக்கல் சோதனை, ஆழ்ந்த கட்டிகள் என நான்கு படிகளில் ஸ்கேன் செய்யும் முறையை வரையறுத்தது.

எம்.ஆர்.ஐ. படம் ஸ்கேன் எட்டாத இடங்களையும் முழு இடுப்புக்குழியையும் ஒருசேரக் காட்டுகிறது. தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. மணமாகாத பெண்களுக்குப் புணர்புழை வழி ஸ்கேன் செய்வது பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. வயிற்றின் மேல் வைத்துச் செய்யும் சாதாரண ஸ்கேன் குடற்சுவர் நோயைப் பெரும்பாலும் காட்டாது. அந்நிலையில் எம்.ஆர்.ஐ. அல்லது மலக்குடல் வழி ஸ்கேன் மாற்று வழிகளாகின்றன.

2022இல் ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல், நோயை உறுதி செய்ய லேப்ராஸ்கோப்பி கட்டாயம் என்ற பழைய நிலையைக் கைவிட்டது. படப் பரிசோதனையில் நோய் தெரியாதபோதோ, மருந்து பலன் தராதபோதோ, பலன் தரும் எனத் தோன்றாதபோதோ அதைச் செய்யலாம் என்றது. படத்தில் தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது என்றும் எச்சரித்தது.

இன்றைய கண்டறிதல் முறை

இன்று கண்டறிதல் நோயாளியின் சொல்லிலிருந்து தொடங்குகிறது. வலி எந்த நாட்களில் வருகிறது, மலம், சிறுநீர் கழிக்கும்போது எப்படி இருக்கிறது, உடலுறவில் வலி உண்டா என்று கேட்டறியப்படுகிறது. இரண்டு மூன்று மாதங்களுக்கு நாட்காட்டியில் வலியைக் குறித்து வைப்பது மருத்துவருக்குப் பெரிய உதவி. அடுத்து உடல் பரிசோதனை. கருப்பைவாயின் பின்புறம் விரலுக்குத் தட்டுப்படும் கெட்டியான முடிச்சு முக்கியத் தடயம். ஆனால் அது தட்டுப்படாததால் நோய் இல்லை என்றாகாது.

பிறகு மேற்சொன்ன முறையில் ஸ்கேனும், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ.யும் எடுக்கப்படுகின்றன. சிறுநீரகங்களையும் ஸ்கேனில் பார்ப்பது அவசியம். ஆழ்ந்த நோய் சிறுநீர்க்குழாயை நெரித்து, வலியே இல்லாமல் ஒரு சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும்.

கண்டறிந்த எல்லோருக்கும் குடல் அறுவை தேவைப்படுவதில்லை. மாதவிலக்கை அடக்கிவைக்கும் இயக்குநீர் மருந்துகளால் பலருக்கு வலி கட்டுப்படுகிறது. அடைப்பு, மருந்துக்கு அடங்காத வலி போன்ற நிலைகளில் அறுவை செய்யப்படுகிறது. கட்டியைக் குடலின் மேலிருந்து சீவி எடுப்பது, வட்டமாக வெட்டி எடுப்பது, குடலின் ஒரு பகுதியை நீக்கி இணைப்பது என மூன்று வழிகள் உள்ளன. எது பொருந்தும் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க, கட்டியின் அளவும் ஆசனவாயிலிருந்து அதன் தொலைவும் தெரிந்திருக்க வேண்டும். இவ்வகை அறுவையில் மகளிர் மருத்துவரும் குடல் அறுவை மருத்துவரும் ஒரே மேசையில் நிற்க வேண்டியுள்ளது. கண்டறிதல் துல்லியமானால்தான் இருவரையும் ஒரே நாளில் அழைக்க முடியும்.

தொழிற்பகுதியும் நோயும்

எண்ணூர், மணலிப் பகுதிகளின் மாசு குறித்து நெடுநாளாகப் பேசப்பட்டு வருவதால், இந்நோய்க்கும் மாசுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி இயல்பாக எழுகிறது. உணவில் டையாக்சின் கலந்து கொடுக்கப்பட்ட ரீசஸ் குரங்குகளுக்குப் பல ஆண்டுகள் கழித்து எண்டோமெட்ரியோசிஸ் அதிகம் காணப்பட்டதாக 1993இல் ஓர் அமெரிக்க ஆய்வு தெரிவித்தது. 1976இல் வேதி விபத்து நடந்த இத்தாலியின் செவெசோ நகரப் பெண்களிடம் நடந்த ஆய்வு, 2002இல் நோய் சற்றுக் கூடுதலாக இருக்கலாம் எனக் காட்டினாலும், அது புள்ளியியல் உறுதி பெறவில்லை. மனிதர்களில் இத்தொடர்பு இன்னும் நிறுவப்படாத ஒன்று.

வேலையிடத்தின் பாதிப்பு அதைவிடத் தெளிவானது. குடல் எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்ணுக்கு மாதவிலக்கு நாட்களில் அடிக்கடி கழிப்பறை தேவை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பெண்களுக்குத் தனிக் கழிப்பறைகள் வேண்டும் என்றது. ஆனால் கூடையோடு தெருவில் விற்பவருக்கும், வீட்டு வேலை செய்பவருக்கும் அச்சட்டம் பொருந்தவில்லை. கடைகளில் நாள் முழுதும் நின்றபடி வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்ற சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் 2021இல்தான் வந்தது. தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொள்வதும், அதனால் மலச்சிக்கல் மிகுவதும், வலி கூடுவதும் ஒரு சுழலாகின்றன.

வீட்டுக்குள்ளும் வலிக்கு வேறு பெயர்கள் உண்டு. உடம்புச் சூடு என்று சொல்லி வெந்தயமும் மோரும் கொடுப்பார்கள். கல்யாணமானால் சரியாகும், ஒரு பிள்ளை பெற்றால் சரியாகும் என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் ஆறுதல். கர்ப்ப காலத்தில் மாதவிலக்கு நிற்பதால் வலி தற்காலிகமாகக் குறையலாம் என்பதே அதிலுள்ள உண்மை. நோய் அதனால் குணமாவதில்லை. கருத்தரிப்பதையே இந்நோய் தடுக்கக்கூடும் என்பதால், அந்த ஆறுதல் சிலருக்குப் பழியாகவும் மாறிவிடுகிறது.

மதிப்பீடு

இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அறிகுறி தொடங்கியதிலிருந்து நோய் கண்டறியப்படும் வரை பல நாடுகளில் 4 முதல் 12 ஆண்டுகள் வரை கழிகின்றன. கருவி இல்லாமை மட்டும் அதற்குக் காரணமில்லை என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. கல்லனின் படம் 1920இலேயே இருந்தது. லேப்ராஸ்கோப்பி இருந்தது, ஸ்கேன் இருந்தது. யாருக்கு இந்நோய் வரும் என்ற முன்முடிவும், உடலைத் துறைகளாகப் பிரித்த ஏற்பாடும், மாதவிலக்கு வலி இயல்பானது என்ற நம்பிக்கையும் அக்கருவிகளை நோயின் பக்கம் திருப்பவிடாமல் தடுத்தன.

வடசென்னையில் மகளிர் மருத்துவமும் குடல் மருத்துவமும் ஒரே கல்லூரியின் கீழ், ஒன்றுக்கொன்று அருகிலேயே உள்ளன. வயிற்றுவலி என்று வரும் பெண்ணிடம் குடல் மருத்துவர் மாதவிலக்கைப் பற்றியும், மாதவிலக்கு வலி என்று வரும் பெண்ணிடம் மகளிர் மருத்துவர் மலம் கழிப்பதைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்டால், இந்நோயைக் கண்டறிவதில் பாதி வேலை முடிந்துவிடும்.